மாடிப்படிக்கு என்ன விலை?

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அது என்ன, மாடிப்படியிலே தண்டவாளம்?" என்பது. இரண்டாவது கேள்வி, "எவ்வளவு ஆச்சு?" முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத் தொகையைச் சொன்னால் ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு, "அம்மாடி!" என்பார்கள். அந்த "அம்மாடி"யைப் பற்றி நம் சங்க நண்பர்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டும் என்று வெகு நாளாக எண்ணம். தில்லியில் நம்மில் பலர் எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறோம். படிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

என் அப்பா 1959இல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கே வந்து இறங்கியவர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் ஒண்டிக் குடித்தனம் போல் இருபத்தைந்து வருஷம். பிறகு டி.டி.ஏ.வின் சுயநிதித் திட்டத்தில் தவணை கட்டி, 1989இல் வசந்த் குஞ்சில் இந்த டூப்ளெக்ஸ் ப்ளாட்டுக்கு வந்தோம். கீழே கூடம், சமையலறை, ஒரு சின்னக் கழிவறை. மேலே படுக்கையறைகளும் குளியலறையும். வீட்டுக்குள்ளேயே மாடிப்படி! குவார்ட்டர்ஸ்காரருக்கு அது எப்பேர்ப்பட்ட பெருமை என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஊரிலிருந்து யார் வந்தாலும் அப்பா முதலில் காட்டுவது குதுப் மினாரை அல்ல, அந்தப் பதினாறு படிகளைத்தான். எட்டுப் படி ஏறி, ஒரு சதுரத் திண்டில் திரும்பி, மறுபடி எட்டுப் படி. மொசைக் போட்டது.

2021 நவம்பரில், அவருடைய 85ஆம் வயதில், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, பதினோரு நாள் மருத்துவமனை வாசம். ஓய்வூதியக்காரர்களுக்கான மருத்துவ வசதியில் பெரும்பகுதி கிடைத்தது. மீதம் ஒரு லட்சத்துச் சொச்சம் கையிலிருந்து போனது. சென்னையில் இருக்கும் அக்காவும் புனேயில் இருக்கும் தம்பியும் அன்று சாயங்காலத்துக்குள் தங்கள் பங்கை அனுப்பிவிட்டார்கள். ஏன், எதற்கு, எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

வீட்டுக்குத் திரும்பியவர் மாடிக்குப் போனார். போனார் என்ன, கொண்டுபோனோம். காலனி வாசல் காவலாளிகள் இரண்டு பேர், டிரைவர், நான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, காலுக்கு ஒருவராகத் தூக்கினோம். "பாபுஜி, பயப்படாதீங்க" என்று காவலாளி இந்தியில் தைரியம் சொன்னார். மேலே போய்ச் சேர்ந்ததும் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "உயிரோட இருக்கும்போதே நாலு பேரைத் தூக்க வச்சுட்டியேப்பா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாட்களைத் தவிர வேறு எதற்கும் கீழே வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

பிசியோதெரபிக்காரர் வாக்கரைப் பிடித்து நடக்கவைத்தார். சமதரையில் நடந்தார். படி மட்டும் முடியவில்லை. "படியிலே ஏத்த வேண்டாம், இன்னொரு தடவை விழுந்தா தாங்க மாட்டார்" என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆக, 2022 ஜனவரியிலிருந்து அப்பாவின் உலகம் மாடியறையும் ஒரு ஜன்னலும்.

அப்போதுதான் ஸ்டேர் லிஃப்ட் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியவந்தது. பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். படியோரமாக ஒரு தண்டவாளம் ஓடும். அதைச் சுவரில் அல்ல, படிகளிலேயே பூட்டுகிறார்கள். ஆகவே சுவர் பலமா என்ற கவலை இல்லை. அதன்மேல் பல்சக்கரத்தில் நகரும் ஒரு நாற்காலி. இடுப்புக்குப் பெல்ட், காலுக்குப் பலகை, கையருகே ஒரு பொத்தான். அழுத்திக்கொண்டே இருந்தால் நகரும், விட்டால் நிற்கும். பலகையில் ஏதாவது இடித்தாலும் தானே நின்றுவிடும். பாட்டரியில் ஓடுவதால் மின்வெட்டிலும் வேலை செய்யும். தண்டவாளத்தின் முனையில் வந்து நிற்கும்போது தானே சார்ஜ் ஆகிக்கொள்ளும். வேலை முடிந்தால் மடக்கிவிடலாம், மற்றவர்கள் நடக்க வழி கிடைக்கும். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த கிரிஸ்பென் என்பவர் 1920களிலேயே இப்படி ஒன்றைச் செய்து விற்றிருக்கிறார். நூறு வருஷப் பழைய சமாசாரம். அப்பா இதற்கு வைத்த பெயர் "விஞ்ச்". பழநி மலையில் ஒருமுறை அதில் ஏறியிருக்கிறார்.

இனி விலை. மூன்று கம்பெனிகளிலிருந்து ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். நேரான படிக்கு ஒரு விலை, திரும்பும் படிக்கு ஒரு விலை என்று முதல் ஆள் சொன்னபோதே எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. நேர்த் தண்டவாளம் தயாராகவே வரும், வெட்டிப் பூட்டினால் போதும். வளையும் தண்டவாளத்தை நம் படிக்கென்று அளவெடுத்து வளைக்க வேண்டும். நம் படிக்குத் தவிர வேறு எந்தப் படிக்கும் அது உதவாது. எங்கள் படியோ நடுவில் திரும்புகிறது. அதற்கு எங்களுக்குச் சொன்ன விலை 8,90,000 ரூபாய். அப்பாவின் பெருமைக்குரிய அந்தத் திருப்பத்துக்கு மட்டும் ஏறக்குறைய மூன்று லட்சம்!

அதெப்படிக் கணக்கு என்கிறீர்களா? மூன்றாவதாக வந்த இளைஞர் ஒரு மாற்று வழி சொன்னார். கீழ் எட்டுப் படிக்கு ஒரு நேர் நாற்காலி, மேல் எட்டுப் படிக்கு இன்னொன்று. நடுத் திண்டில் இறங்கி, இரண்டடி நடந்து, அடுத்ததில் உட்கார வேண்டும். வாக்கரோடு இரண்டடி நடக்கக் கூடியவருக்கு இது சரிப்படும். இரண்டும் சேர்ந்து 5,70,000. மின்சார வேலைக்கும், சுவரிலிருந்த பழைய கைப்பிடியை இடம் மாற்றவும் 11,000. முதல் வருஷம் கழிந்தபின் இரண்டுக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் வருஷத்துக்கு 18,000. நாலைந்து வருஷத்தில் பாட்டரி மாற்ற வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். இந்தக் கடைசி இரண்டையும் மற்ற இருவர் வாயே திறக்கவில்லை என்பதால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. நீங்கள் விலை கேட்கும்போது இவற்றை நீங்களாகவே கேளுங்கள். மொசைக்கிலோ பளிங்கிலோ துளையிடும்போது கல் விரிந்தால் யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு லட்சம். வாட்ஸ்அப்பில் அக்காவுக்கும் தம்பிக்கும் செய்தி அனுப்பினேன். மருத்துவமனைக்கு ஒரே நாளில் பணம் அனுப்பிய அதே இருவரும், அதே நானும், இந்த ஆறு லட்சத்தை எட்டு மாதம் பேசினோம்.

"கீழே கூடத்திலேயே கட்டிலைப் போட்டுடலாமே" என்றாள் அக்கா. நியாயமான யோசனைதான். பல வீடுகளில் அதுவே சரியான வழி, செலவும் குறைவு. ஆனால் எங்கள் கீழ்க் கழிவறையில் வாக்கர் நுழையாது. இடித்துக் கட்டினால் இரண்டு லட்சம் ஆகும் என்றார் மேஸ்திரி. அதைவிடப் பெரிய தடை அப்பா. "கூடத்திலே படுக்கவச்சா போறவன் வர்றவன் எல்லாம் என்னைப் பார்த்துட்டுப் போவான். நான் என்ன பொருட்காட்சியா?" என்றார். தம்பி, "இன்னும் ரெண்டு வருஷத்திலே உனக்கே தேவைப்படுமே அண்ணா, உன் செலவிலேயே போட்டுக்கயேன்" என்று வேடிக்கை போலச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு நான் அவன் அந்த வருஷம் வாங்கிய பதினாலு லட்ச ரூபாய்க் காரை இழுத்தேன். அவன் 2019இல் நான் நாலரை லட்சத்துக்குப் போட்ட மாடுலர் கிச்சனை இழுத்தான். இரண்டு பேரும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு ஒன்று இதற்குள் இருந்தது. நான் முப்பத்திரண்டு வருஷம் கணக்குத் துறையில் வேலை பார்த்தவன். எனக்கு அது தெரியாமலா இருக்கும்? அப்பாவுக்கு 86 நடக்கிறது. ஆறு லட்சத்தை எத்தனை மாதத்தால் வகுப்பது? வகுக்கும் எண்ணை யாரும் சொல்லத் துணியவில்லை, ஆனால் மூவர் மனசிலும் அது இருந்தது. ஒரு நாள் ராத்திரி நான் காகிதத்தில் உண்மையாகவே போட்டுப் பார்த்தேன். போட்டுவிட்டுக் காகிதத்தைக் கிழித்தேன்.

அந்த ஜூன் மாதம் எங்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம். கீழே கூடத்தில் நாற்பது பேர். அப்பாவைத் தூக்கி வருகிறோம் என்றோம். "சம்பந்தி வீட்டார் முன்னாலே என்னை மூட்டை மாதிரி தூக்கிட்டு வராதே" என்று கண்டிப்பாக மறுத்துவிட்டார். வந்தவர்கள் நாலு நாலு பேராக மேலே போய் விழுந்து கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள். சாப்பாடு தட்டில் மேலே போயிற்று. தட்டு மாற்றும்போது கீழே எழுந்த சத்தத்தை அவர் மாடிப்படி முகப்பில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டிருக்கிறார். வேலைக்கார அம்மா பிறகு சொன்னாள். ராத்திரி நான் மேலே போனபோது, "பாயசம் நல்லா இருந்தது. யார் பரிமாறினாங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாள் காலை தம்பிக்கு நானே போன் செய்தேன். "போட்டுடலாம்" என்று நான் சொல்வதற்குள் அவனே சொன்னான். அக்காவும் சரி என்றாள். முன்பணம் கட்டி, பொருள் வந்து சேர்ந்து, 2022 செப்டம்பரில் ஒரே நாளில் பூட்டிவிட்டுப் போனார்கள். எட்டுப் படி ஏற அரை நிமிடம்கூட ஆகவில்லை.

முதல் தடவை கீழே வந்தவர் வாசலுக்குப் போய், பூட்டிய கிராதிக் கதவைப் பிடித்துக்கொண்டு, எதிர் வீட்டுக்காரர் வேப்பமரத்தை வெட்டிவிட்டதைக் கண்டுபிடித்தார். "எப்போ வெட்டினான்?" என்று அன்று முழுக்க அதே பேச்சு. அதற்கப்புறம் தினம் காலை ஏழு மணிக்குக் காபியும் பேப்பரும் கீழேதான். ஒரு மணிக்கு மேலே, நாலு மணிக்குக் கீழே, ராத்திரி எட்டரைக்கு மேலே. 2024 ஏப்ரலில் தூக்கத்திலேயே போய்விட்டார். பத்தொன்பது மாதம் உபயோகித்தார். இப்போது வகுத்துச் சொல்லலாம்: மாதத்துக்குச் சுமார் 31,500 ரூபாய். பகலும் இரவும் மாறி மாறி ஆள் வைத்திருந்தால் தில்லியில் அதைவிட அதிகம் ஆகியிருக்கும். ஆனால் இந்த வாதத்தை நான் வைக்க விரும்பவில்லை. அதிகமே ஆகியிருந்தாலும் எட்டு மாதம் பேசியது தப்பு என்பதுதான் என் கட்சி.

நோய்க்குச் செலவழிக்க நாம் தயங்குவதில்லை. பிள்ளையின் கடமை, ஊர் என்ன சொல்லும் என்ற இரண்டும் சேர்ந்து நம் கையைப் பைக்குள் விடவைக்கும். அதே பெரியவர் நோயில்லாமல் கீழே வந்து பேப்பர் படிக்கச் செலவென்றால் "சொகுசு" என்கிறோம். ஐ.சி.யு.வில் மூன்று நாள் பில் இந்த நாற்காலியின் விலைக்கு எட்டிப் பார்க்கும். அங்கே பேரம் பேசுகிறோமா?

அரசாங்கமும் இந்த விஷயத்தில் நம்மைப் போலத்தான். 2024 அக்டோபர் இறுதியில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 70 வயதானவர்கள் எல்லோரையும், வருமானம் பாராமல், சேர்த்தார்கள். குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரை. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் மருத்துவமனையில் படுத்தால்தான் அந்தப் பணம். விழுந்து எலும்பு முறிந்தபின் உண்டு, விழாமலிருக்கக் கைப்பிடி போடவோ படியில் நாற்காலி போடவோ இல்லை. இங்கிலாந்தில் இயலாதோர் வீட்டை மாற்றியமைக்க உள்ளாட்சி வழியாக 30,000 பவுண்டு வரை மானியம் உண்டு. வருமானம் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்றாலும், ஸ்டேர் லிஃப்ட்டும் அதில் அடக்கம். ஜெர்மனியில் பராமரிப்புக் காப்பீட்டிலிருந்து 2025 முதல் 4,180 யூரோ வரை தருகிறார்கள். ஜப்பானில்கூட 2000இல் வந்த பராமரிப்புக் காப்பீடு கைப்பிடிக்கும் வாசற்படியைச் சமப்படுத்தவும் இரண்டு லட்சம் யென் வரைக்கும் கணக்கில் கொள்கிறது. ஆனால் படியேறும் நாற்காலி அதில் சேராது. பணக்கார நாடுகளோடு ஒப்பிடாதே என்பீர்கள். சரி. வாசற்படியைச் சமப்படுத்துவதற்குப் பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் உள்ளே படி இருக்கிற டூப்ளெக்ஸ்காரர் கதை, இரண்டாம் மாடி மூன்றாம் மாடி டி.டி.ஏ. ப்ளாட்டில் இருக்கும் எங்களுக்கென்ன என்று கேட்கும் நண்பர்களே, உங்கள் கஷ்டம் என்னுடையதைவிடப் பெரியது. பொதுப் படியில் தண்டவாளம் போட அக்கம்பக்கம் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். படி குறுகினால் ஆபத்துக் காலத்தில் ஓடி இறங்க வழி என்ன என்ற கேள்வியும் நியாயமானதே. பல பேட்டைகளில் கட்டடத்துக்கு வெளியே லிஃப்ட் கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே தரைத்தளத்துக்காரர், "எனக்கெதற்கு லிஃப்ட்? என் ஜன்னல் வெளிச்சம் போகிறது" என்பார். அதுவும் பொய் இல்லை. அந்தச் சண்டையைத் தீர்க்கும் சாமர்த்தியம் எனக்கில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: அதை ஐம்பத்தைந்து வயதில் தொடங்குங்கள். முழங்கால் போனபிறகு தொடங்கினால் லிஃப்ட் வரும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

எல்லோருக்கும் இந்த நாற்காலி ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கும், ஞாபகம் தடுமாறி நடுவழியில் பெல்ட்டை அவிழ்த்துவிடக் கூடியவர்களுக்கும் இது வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்காமல் படியில் துளை போட வேண்டாம்.

அப்பாவின் காரியங்கள் முடிந்து இரண்டு மாதம் கழித்து, விற்ற கம்பெனியையே கூப்பிட்டு, திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். இரண்டுக்கும் சேர்த்து 45,000 தருவதாகச் சொன்னார்கள். 5,70,000க்கு வாங்கியது! அதே நாற்காலிகளை வேறொருவருக்குப் பூட்டித் தர என்ன ஆகும் என்று கேட்டேன். கழற்ற, கொண்டுபோக, தண்டவாளத்தை அளவுக்கு வெட்ட, பூட்ட ஒன்றுக்கு 35,000 என்றார்கள். அப்போதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது.

நேர்த் தண்டவாளத்தை ஒரு படியிலிருந்து எடுத்து, நீளத்தைக் குறைத்து, இன்னொரு படியில் பூட்டலாம். மூன்று லட்சத்துச் சாமான் முப்பத்தைந்தாயிரத்துக்கு இன்னொரு வீட்டுக்குப் போகும். நடுவில் இருக்க வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகமும், அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரும்தான். நம் சங்கம் அதைச் செய்யலாம். ஸ்டேர் லிஃப்ட் மட்டும் என்றில்லை. சக்கர நாற்காலி, வாக்கர், தலைமாட்டை உயர்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டில், காற்று மெத்தை, கமோடு நாற்காலி என்று எத்தனை வீடுகளில் எத்தனை சாமான் பால்கனியில் துணி மூடிக் கிடக்கிறது! போனவர் நினைவு வருகிறதே என்று பார்க்கவும் பிடிக்காமல், கொடுக்கவும் ஆள் தெரியாமல், கடைசியில் கபாடிவாலாவுக்கு எடைக்குப் போடுகிறோம். இருப்பவர் பெயரும் வேண்டுபவர் பெயரும் ஒரே நோட்டில் இருந்தால் போதும். திருப்பித் தரும்படியான ஒரு முன்பணம் வாங்கிக்கொள்ளலாம், பழுதுபார்க்க அதிலிருந்து எடுக்கலாம். பொங்கல் விழாவில் வரிசையாகப் போர்த்தும் பொன்னாடைகளில் இரண்டைக் குறைத்தால் நோட்டுப் புத்தகச் செலவு வந்துவிடும். செயற்குழு நண்பர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். போர்த்திக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

நோட்டில் முதல் வரியை நானே எழுதித் தருகிறேன். நேர்ப் படிக்கான நாற்காலிகள் 2. ஒவ்வொன்றின் தண்டவாளமும் எட்டுப் படிக்குப் போதும். 2022 செப்டம்பரில் வாங்கியது, பாட்டரி மாற்றவேண்டியிருக்கும். படி மூன்றடி அகலமாவது இருக்க வேண்டும். விலை கிடையாது, கழற்றிப் பூட்டும் கூலி உங்களுடையது. ஒன்றுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: என் மனைவிக்கு வலது முழங்கால் மோசமாகிக்கொண்டு வருகிறது, ஆகவே வேண்டியவர்கள் இந்தக் குளிர்காலத்துக்குள் வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டில்தான் இருப்பேன். வருகிறவர்கள் ஒரு தரம் உட்கார்ந்து மேலே போய்ப் பார்த்துவிட்டு, காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.